மிஷனரி ஞாயிற்றுப் படம்

ஜனவரி 8

அன்புள்ள வாத்துக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம், அண்ணியும் சுகம். கடை ஓடுகிறது என்று சொல்ல முடியாது, நடக்கிறது. கண்ணாடி விலை ஏறியதிலிருந்து ஜனங்கள் உடைந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். படத்துக்குச் சட்டம் போட வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை. கல்யாணம், பட்டமளிப்பு, சாவு, இந்த மூன்றும் இருக்கிற வரை நம் வீட்டில் அடுப்பு எரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்கிலிருந்து உன் நாலாவது வருட அறிக்கை வந்தது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான்தான் வாசித்தேன். சபைப் பொருளாளன் என்றால் காணிக்கைப் பையை அவிழ்க்கிறவன் என்று நினைத்திருந்தேன், உன் காய்ச்சல் கணக்கையும் வாசிக்கிறவன் என்று இப்போது தெரிகிறது. இத்தனை பேருக்கு ஊசி, இத்தனை பிரசவம், இத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு. வாசித்துவிட்டு நிமிர்ந்தால் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெபம் என்று வைத்துக்கொள்வோம்.

கண்டக்டர் மட்டும் விழித்திருந்தார். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும், யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுத்தாயா என்று கேட்கிற அந்த முகம் ஓய்வு பெறவில்லை. இப்போது மிஷனரிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். எழுந்து, வருஷா வருஷம் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை பேர் முழுகியிருக்காங்க?"

தண்ணீரில் முழுகி எடுக்கிற ஞானஸ்நானம் ஒன்றும் இல்லை என்றேன். நாலு வருஷமாகவா என்றார். நாலு வருஷமாக என்றேன். உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தாலும் தேவலை.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். பாப்டிஸ்ட் சபைக்கு மேலே உத்தரவு போட பிஷப் யாரும் கிடையாது. ஞாயிறு காணிக்கையில் ஒரு பங்கு, பிள்ளைகளின் உண்டியல் டப்பா, மிஷனரி ஞாயிறு அன்று வருகிற விசேஷக் காணிக்கை, எல்லாவற்றையும் சேர்த்து மிஷனரி சங்கத்துக்கு அனுப்புகிறோம். நம்மைப் போலப் பல சபைகள் அனுப்புகின்றன. சங்கம் அதை ஒன்றாகக் கூட்டி, உன் சம்பளம், வீட்டு வாடகை, மருந்து, படகுக்கு டீசல் என்று பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் உன்னைத் தாங்குவது எங்கள் சபை என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை உறுப்பினர் கூட்டத்தில் நாங்கள் கை தூக்கினால்தான் நீ அங்கே இருக்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போன வருஷம் கைகள் தோளுக்கு மேலே ஏற யோசித்தன. நான் பார்த்தேன்.

மிஷனரி ஞாயிறு பிப்ரவரி கடைசியில் வருகிறது. ஒரு படம் அனுப்பு. ஊசி போடுகிற படம் வேண்டாம், தயவு செய்து. பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஏதாவது அசைய வேண்டும். சட்டம் நான் போட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்

•

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் கணக்கு வாசித்து உங்கள் தொண்டை வறண்டதற்கு மன்னிப்பு. அடுத்த தடவை நடுவில் ஒரு பாட்டு எழுதி அனுப்புகிறேன்.

படம் வருகிறது. எங்கள் மருத்துவர் விடுமுறைக்கு விமானத்தில் கிளம்பினார், அவர் கையில் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் தபால் படகில் வரும். அது எப்போது கிளம்பும் என்று படகுக்காரருக்கே தெரியாது. படம் முந்திக்கொண்டால் நீங்கள் குழம்பக்கூடாது என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

போன மழையில் இங்கே சந்தைப் படகு கவிழ்ந்தது. ஆண்கள் எல்லோரும் கரை சேர்ந்தார்கள். சிறு வயதிலேயே ஆற்றில் குதித்துப் பழகியவர்கள். பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறந்ததிலிருந்து ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்கள், இடுப்பளவு தண்ணீரைத் தாண்டினால் பயந்துவிடுவார்கள். அன்று இறந்த பெண்களைக் கிளினிக் திண்ணையில் வரிசையாகக் கிடத்தினார்கள். நான் துடைத்து, துணி போர்த்தினேன். அதைத் தவிர நர்ஸுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. எனக்கு நீந்தத் தெரியும், வாத்து என்று நீங்கள் பேர் வைத்ததே அதனால்தானே. நாலு வருஷமாக இந்த ஆற்றுக்கு எதிரே உட்கார்ந்து மாத்திரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் சாயங்காலம் கிளினிக் மூடியதும் பெண்களுக்கு நீச்சல். முதல் பாடம் நீந்துவது இல்லை, மல்லாந்து கிடப்பது. முதுகுக்குக் கீழே என் கை இருக்கும். "என் கை இருக்கு, படு" என்பேன். படுக்க மாட்டார்கள், கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். நீங்கள் ஞானஸ்நானத் தொட்டியில் பாஸ்டரின் கழுத்தைப் பிடித்து அவரையும் சேர்த்து முழுக்கின கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்கள் புகழ் இங்கேயும் பரவிவிட்டது.

படத்தில் இருப்பவள் கூடை முடைகிறவள், நான் கூடைக்காரி என்றுதான் கூப்பிடுவேன். முதல் முறையாக மிதக்கிறாள். என் கை அவள் முதுகுக்குக் கீழே இருப்பதுபோல் தெரியும். இல்லை. அதற்குள் எடுத்துவிட்டேன். அவளுக்கு அது தெரியாது, அதனால்தான் முகம் அப்படி இருக்கிறது.

இதை அப்படியே வாசித்தாலும் சரி, சுருக்கிச் சொன்னாலும் சரி. அண்ணியின் கால் வலி எப்படி இருக்கிறது?

தங்கை

•

பிப்ரவரி 27

அன்புள்ள வாத்துக்கு,

அடிக் கள்ளி. இதை ஏன் மறைத்தாய்?

உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. ஆனால் உங்கள் மருத்துவர் கடைக்கே வந்து உறையைக் கொடுத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். பிரித்தேன். கையில் இருந்த கண்ணாடி வெட்டுகிற கருவியைக் கீழே வைத்துவிட்டேன். நீ இடுப்பளவு ஆற்றில் நிற்கிறாய். பாஸ்டர் நம்மை முழுக்கினபடியே, ஒரு பெண் உன் கையில் மல்லாந்து சாய்ந்திருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. அந்த முகத்தை நான் என்ன சொல்ல? நான் முழுகினபோது என் முகம் அப்படி இருக்கவில்லை என்று மட்டும் தெரியும்.

பெரிதாக்கி, கடையில் இருந்ததிலேயே நல்ல தேக்குச் சட்டம் போட்டேன். மிஷனரி ஞாயிறு அன்று பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை, பேச வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர் எழுந்து படத்துக்குக் கிட்டே போய் நின்றார். திரும்பினபோது அழுதுகொண்டிருந்தார். அந்த மனிதர் தன் மனைவியின் அடக்கத்தில்கூட வந்தவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தவர்.

காணிக்கைப் பை இரண்டு தடவை சுற்றி வந்தது. இதுவரை நம் சபையில் அப்படி வந்ததில்லை. அண்ணி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெண்ணுக்கு வாழ்த்து அட்டைகள் வரைந்திருக்கிறார்கள். ஆறு, சிலுவை, புறா, எல்லாம் கலர் பென்சிலில். ஒரு கட்டாகக் கட்டி நேற்று விமானத் தபாலில் போட்டேன், செலவைப் பார்க்கவில்லை. மறக்காமல் கொடு. படத்தைச் சங்கப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறோம்.

நாலு வருஷம் உன்னைப் பற்றி என்னென்னவோ நினைத்துவிட்டேன். அதையெல்லாம் இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

அண்ணன்

•

மார்ச் 16

தங்கைக்கு,

உன் பிப்ரவரி கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசித்தேன். நல்ல வேளை, கடையில் யாரும் இல்லை.

நீச்சல்.

சரி. நிதானமாக யோசிப்போம். நான் பொய் சொல்லவில்லை. படத்தை மாட்டினேன், ஜனங்கள் பார்த்தார்கள். பாப்டிஸ்ட் கண்ணுக்கு, தண்ணீரில் ஒருத்தி இன்னொருத்தி கையில் சாய்ந்தால் அது என்னவாகத் தெரியும் என்று நீயாவது யோசித்திருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டில் நாலு எழுத்து எழுதிப் படத்தோடு வைத்திருந்தால் போதுமே.

காணிக்கை சங்கத்துக்குப் போய்விட்டது. அதில் ஒரு பங்கு உனக்கு மருந்தாகக் கிளம்பியும் இருக்கும். வந்த மருந்தைத் திருப்பி அனுப்பப் போகிறாயா? இத்தனை வருஷத்துக்குப் பிறகு சபையில் ஒரு உயிர் வந்திருக்கிறது. கண்டக்டர் கூடுதலாக ஒரு ஜெபக் கூட்டம் ஆரம்பித்திருக்கிறார். ஜூனில் உறுப்பினர் கூட்டம் வருகிறது. எல்லாக் கையும் மேலே போகும். இப்போது போய் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

இப்படியே விடு. யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்த வருஷத்துக்குள் அந்த ஊரில் ஒருத்தராவது மனசு திரும்பி உண்மையிலேயே முழுகினால் கணக்கு நேராகிவிடும். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட.

அண்ணன்

•

ஏப்ரல் 11

அண்ணாவுக்கு,

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அட்டைகள் வந்தன. நான் அக்கரையில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தேன். கிளினிக்கில் பெருக்குகிற பெண், அந்தப் படம் எடுத்தபோது கரையில் நின்றவள், கட்டைப் பிரித்து, அட்டைகளில் இருப்பது கூடைக்காரி என்று கண்டுபிடித்து, அவளிடமே கொடுத்துவிட்டாள். கூடைக்காரிக்குச் சந்தோஷம். தன்னை வரைந்து அனுப்பியிருக்கிறார்களே என்று வீட்டுச் சுவரில் ஒட்டினாள். வாசிக்கத் தெரிய வேண்டியதே இல்லை, அண்ணா. தண்ணீரில் ஒரு பெண், பக்கத்தில் நான், மேலே சிலுவை. கிளினிக் வாசலில் இருக்கிற அதே சிலுவை. அவள் புருஷன் பார்த்தான். ஒரு பகலுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது: நர்ஸ் நீச்சல் என்று சொல்லிப் பெண்களை ஆற்றில் இறக்கி, வீட்டுக்குத் தெரியாமல் மதம் மாற்றுகிறாள்.

நான் வந்த வருஷம் ஊர்த் தலைவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாருக்காவது மனசு இருந்தால் பகலில், வீட்டார் அறிய, அவர்களாகவே வாய் திறந்து கேட்டால்தான் ஞானஸ்நானம். திருட்டுத்தனமாக ஒன்றும் நடக்காது. நம் சபையில் எனக்குக் கற்றுக் கொடுத்ததும் அதுதான். அந்த வாக்கை நான் மீறினதாக இப்போது ஊர் நினைக்கிறது.

ஒருத்தியும் ஆற்றுக்கு வருவதில்லை. மழைக்கு முந்தைய காற்று தொடங்கிவிட்டது. படகுகள் எப்போதும்போல மூச்சு முட்ட ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. உன்னை அனுப்பியது யார், உனக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்டார். அரசாங்கமா? கம்பெனியா? இல்லை என்றேன். ஒரு கண்ணாடிக் கடைக்காரர், ஓய்வு பெற்ற ஒரு கண்டக்டர், டப்பாவில் சில்லறை சேர்க்கிற பிள்ளைகள் என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். அவர்களுக்கு மேலே யாருமில்லையா என்றார். இல்லை என்றேன்.

"அப்ப அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். இங்க யாரும் முழுகலைன்னு."

எனக்கு அந்தக் கடிதம் வேண்டும், அண்ணா. பாஸ்டர் மட்டும் எழுதினால் போதாது, அவர் கேட்பது எல்லோருடைய கையெழுத்தும். அதற்கு நீங்கள் சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பூசி மெழுகாமல்.

துண்டுச் சீட்டு வைக்காதது என் தப்புதான். அதை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம் என்று எழுதினீர்களே, அதை வாசித்தபோது எனக்கு உங்கள் மேல் அருவருப்பாக இருந்தது. அண்ணன் என்று பார்த்து மென்று முழுங்க நினைத்தேன், முடியவில்லை.

நீங்கள் சொல்லாவிட்டால் பாஸ்டருக்கு நானே எழுதுவேன். நீங்கள் சொன்னால் நல்லது.

தங்கை

•

மே 2

தங்கைக்கு,

வாசித்தேன். பதில் எழுதக் கை வரவில்லை. அருவருப்பு என்ற வார்த்தையை என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். சரி, விடு.

முதலில் அண்ணியிடம் சொன்னேன். பயந்துகொண்டேதான். சங்கிலி ஞாபகம் வந்து குதிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தாமல், "எப்ப சொல்லப் போறீங்க?" என்றாள். உனக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். உங்க கழுத்துல சங்கிலி இருந்திருந்தா உங்களுக்கு வந்திருக்கும் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். ஜூன் இரண்டாம் ஞாயிறு உறுப்பினர் கூட்டத்தில் வைக்கலாம் என்றார். அதற்கு முன் கூட்டினால் வெளியூர் போனவர்கள் கையெழுத்து விட்டுப்போகும். அவர் முகம் சுருங்கிவிட்டது. சங்கப் பத்திரிகையில் படம் அச்சாகிவிட்டதாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே நல்லதாக ஏதாவது நடந்தால், ஒரே ஒரு வரி, விமானத் தபாலில் எழுது. இந்த நீச்சலால் ஒருத்தர் பிழைத்தார் என்று சொல்ல முடிந்தால் கூட்டத்தில் என் வாய்க்குக் கொஞ்சம் ஈரம் இருக்கும். கைகளும் மேலே போகும். இது ஏமாற்று இல்லையே, நடந்ததைச் சொல்வதுதானே?

அண்ணன்

•

மே 24

அன்புள்ள அண்ணா,

எழுதும்படி இப்போது ஒன்றும் இல்லை. உள்ளதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

போன கடிதத்தில் அந்த வார்த்தையை எழுதியிருக்க வேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு போனது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. என் புத்தகப் பையும் உங்கள் கழுத்தில்தான் தொங்கும்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கை

•

ஜூன் 14

அன்புள்ள வாத்துக்கு,

கூட்டம் முடிந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்துக்கொண்டு பேசினேன். இது ஞானஸ்நானம் இல்லை, நீச்சல். படம் முதலில் வந்தது, கடிதம் பிறகு வந்தது. கடிதம் வந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அட்டைகளால் அங்கே இன்னது நடந்தது. இவ்வளவுதான் சொன்னேன்.

பின் வரிசையில் ஒருவர், அப்படியானால் விசேஷக் காணிக்கையைத் திருப்பித் தர வேண்டாமா என்றார். எனக்கு முன்னால் கண்டக்டர் எழுந்துவிட்டார்.

"ஆண்டவருக்குக் கொடுத்துட்டு, ரசீதைக் காட்டித் திருப்பிக் கேக்கறதா? உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பிறகு கடிதம். பாஸ்டர் எழுதி வைத்திருந்ததை வாசித்தார்: எங்கள் சபை அறிய அந்த ஆற்றில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. படத்தில் இருப்பவர் நீந்தக் கற்கிறார். தவறாக எண்ணியது நாங்கள், அந்தப் பெண் அல்ல. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்டக்டர்தான் வந்தார். சட்டைப் பையில் இருந்த தன் பேனாவாலேயே போட்டார். பிறகு வரிசை நகர்ந்தது. அட்டை வரைந்த பிள்ளைகளும் கேட்டார்கள் என்று கடைசியில் அவர்களையும் போடச் சொன்னோம். ஒரு பெண் பிள்ளை தன் பெயருக்குப் பக்கத்தில் மறுபடியும் புறா வரையப் போனாள், அண்ணி கையைப் பிடித்துவிட்டாள்.

அதன் பிறகு உன் விஷயம். கண்டக்டர் மறுபடியும் எழுந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். "நீச்சல் நல்லதுதான். நான் இல்லேங்கலை. ஆனா அதுக்குத்தான் பிள்ளைங்க டப்பாவுல காசு போட்டாங்களா? நாம அனுப்பினது எதுக்கு?" என்றார். அவர் சொன்னது தப்பு என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

பாஸ்டர்தான் கைகளை எண்ணினார். உன் அண்ணன் என்பதால் என்னை விலகி நிற்கச் சொன்னார்கள், ஓட்டும் இல்லை. அண்ணியின் கை எல்லோருக்கும் முன்னால் போனது. போதவில்லை. அதிகம் இல்லை, ஒரு பெஞ்சு ஆட்கள் குறைவு. டிசம்பரோடு நிறுத்துகிறோம் என்று சங்கத்துக்கு எழுதியாயிற்று. அதுவரை எல்லாம் எப்போதும்போல வரும்.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எல்லாம் ஒரே உறையில், விமானத் தபாலில்.

சுவரில் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. எனக்கு மனசு ஆறவில்லை.

அண்ணன்

•

ஜூலை 19

அன்புள்ள அண்ணா,

கடிதத்தைத் தலைவர் ஊர் நடுவில் வைத்து வாசிக்கச் சொன்னார். நானே இங்கத்திய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தேன். கையெழுத்துகளைக் காட்டி இது யார், இது யார் என்று கேட்டார்கள். இது தையல்காரர், இது பால் கடைக்காரர், இது இரண்டாம் வகுப்புப் பிள்ளை. முதல் கையெழுத்து யாருடையது என்றார்கள். எனக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னவருடையது என்றேன். தலைவர் அந்தக் கையெழுத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் நம்பியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் கூடைக்காரி வந்தாள். அவள் புருஷனும் வந்து கரையில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பார்க்க மாட்டானாம், ஆனால் பக்கத்தில் இருப்பானாம். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மே நடுவில் சந்தைப் படகு மறுபடியும் கவிழ்ந்தது. கூடைக்காரி அதில் இருந்தாள், மகனோடு. மல்லாந்து, பையனை நெஞ்சில் போட்டுக்கொண்டு, மீன் படகு வந்து தூக்கும் வரை கிடந்திருக்கிறாள். உன் கை கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன் என்றாள். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதே படகில் மீன் விற்கிறவள் ஒருத்தியும் இருந்தாள். ஆற்றுக்கு நாலு நாள் வந்தவள். கை இல்லாமல் இன்னும் மிதக்க வரவில்லை. அட்டைகள் வந்த பிறகு வீட்டில் விடவில்லை. அவளை மறுநாள் கொண்டு வந்தார்கள்.

ஒரு வரி எழுது என்று நீங்கள் கேட்டது இது நடந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. எழுதியிருந்தால் நீங்கள் வாசித்திருப்பீர்கள். எல்லாக் கையும் மேலே போயிருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் பிழைத்தவளை எழுதினால் போனவளையும் எழுத வேண்டும். முழுவதையும் எழுதினால் அட்டை வரைந்த பிள்ளைகள் நடுவில் வைத்து நீங்கள் அதை எப்படி வாசிப்பீர்கள்? பாதியை மட்டும் வாசித்துப் பணம் வாங்க எனக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை அப்படித்தான் வாங்கியிருக்கிறோம்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, அண்ணா. துண்டுச் சீட்டு வைக்காதவள் நான். தனியாக இதைச் சுமக்க முடியவில்லை, அவ்வளவுதான். உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

டிசம்பர் வரை தினமும் ஆற்றில் இறங்குவேன். அதற்குப் பிறகு என்ன என்று இப்போது கேட்காதீர்கள்.

தங்கை

•

ஆகஸ்ட் 16

அன்புள்ள வாத்துக்கு,

மீன் விற்கிறவளைப் பற்றி நீ எழுதியதை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல முடியாது. அட்டைக் கட்டுக்கு நூல் கட்டினது நான். தபால் நிலையத்தில் எடை போட்டு, சீக்கிரம் போக வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டினதும் நான்தான். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. நேரில் வரும்போது பேசுவோம், அல்லது பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

சபையில் நான் இதை வாசிக்கவில்லை. பிள்ளைகளின் காதுக்கு இது போகக் கூடாது. அண்ணி மட்டும் வாசித்தாள்.

படத்தைக் கடையில் மாட்டியிருக்கிறேன், கண்ணாடித் தகடுகளுக்கு மேலே. கீழே ஒரு சின்ன அட்டையில் 'நீந்தக் கற்கிறாள்' என்று எழுதி ஒட்டினேன். மார்ச்சிலேயே ஒட்டியிருக்க வேண்டியது. வருகிறவர்கள் இவள் யார் என்று கேட்கிறார்கள். கூடை முடைகிறவர் என்று சொல்கிறேன்.

நேற்று கண்டக்டர் வந்தார். கூட்டத்துக்குப் பிறகு எங்களுக்குள் வணக்கத்துக்கு ஒரு ஸ்தோத்திரம்தான், பேச்சு இல்லை. பேத்தியின் பட்டமளிப்புப் படத்துக்குச் சட்டம் வேண்டுமாம். அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் அவர் படத்துக்குக் கீழே நின்று அட்டையை வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தையை அவ்வளவு நேரம் யாரும் வாசித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, மேஜையைத் திறந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். முழுவதையும். நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். முதல் கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கு அந்தப் பாத்தியதை உண்டு என்று நினைத்தேன்.

ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். மடித்துக் கொடுத்தார். சட்டத்துக்கு முன்பணம் கொடுத்தார், ரசீது வாங்கினார். நானாக, இன்னொரு கூட்டம் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். வாசல்படி இறங்கினவர் திரும்பி நின்றார். எப்போதும் கேட்கிற அதே குரல்தான்.

"இப்ப எத்தனை பேர் மிதக்கறாங்க?"

தெரியாது, கேட்டு எழுதுகிறேன் என்றேன். எழுதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையை எடுத்த பிறகும் மிதக்கிறவர்களை மட்டும் எண்ணி எழுது. அடுத்த வாரம் சட்டம் வாங்க வருகிறார், கேட்பார்.

அண்ணன்